புல்லுக்கு ஓய்வு உண்டு, வீட்டுக்கு இல்லை

பெரிய போட்டி ஏதும் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் செயின்ட் ஆண்ட்ரூஸின் ஓல்ட் கோர்ஸில் யாரும் கோல்ஃப் ஆட முடியாது. உலகப் பணக்காரர்களும் குலுக்கலில் பெயர் கொடுத்துக் காத்திருக்கும் அந்த மைதானத்தில், அன்று ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு உலாவுகிறார்கள். நவம்பர் பிறந்துவிட்டால் புல்லுக்குக் கூடுதல் ராஜமரியாதை. ஃபேர்வேயில் பந்தைச் சின்னப் பாய்த்துண்டின்மேல் வைத்துத்தான் அடிக்க வேண்டும். மார்ச் வரை அப்படித்தான்.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் இருக்கும் இந்த ஊரின் மக்கள்தொகை இருபதாயிரத்தைத் தொடாது. இங்கே படிக்கும் மாணவர்களோ ஏறத்தாழ 10,000 பேர். பல்கலைக்கழகம் 1413இல் தொடங்கியது. அரச குடும்பத்துக் காதல் இங்கே மலர்ந்த கதையைக் காபிக் கடை ஜன்னலிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள், நாம் வேறு சொல்ல வேண்டியதில்லை.

செப்டம்பரில் பிள்ளைகள் பெட்டிகளோடு வந்து இறங்கியதும் ஊருக்கு இளமை திரும்பிவிடும். மூத்த மாணவர்கள் புதியவர்களைத் தத்தெடுத்து 'அம்மா', 'அப்பா' ஆகிறார்கள். அக்டோபரில் வரும் 'ரெய்சின்' வார இறுதியில் அம்மா வீட்டில் விருந்து, அப்பாவோடு ஆட்டம். முன்பெல்லாம் வளர்த்தவர்களுக்கு நன்றியாக ஒரு பவுண்டு உலர்திராட்சை கொடுத்து, லத்தீனில் ரசீது வாங்குவார்களாம். இப்போது திராட்சையின் இடத்துக்கு ஒயின் வந்துவிட்டது, ரசீது மட்டும் பிழைத்திருக்கிறது. திங்கள்கிழமை காலை விசித்திர வேஷங்களில் கல்லூரிப் புல்வெளியில் திரண்டு, ஒருவர்மேல் ஒருவர் சவர நுரையைப் பீய்ச்சிக்கொள்வதோடு திருவிழா முடிகிறது. சிவப்பு மேலங்கி அணிந்து ஞாயிற்றுக்கிழமை துறைமுகக் கற்சுவர்மீது காற்றோடு மல்லுக்கட்டி நடப்பது இன்னொரு சடங்கு.

படம் பிடிக்க எல்லாமே அழகுதான். ஆனால், அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பியதும் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். அந்த இருட்டில் பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஊருக்கு ரயில் கிடையாது. 1969இல் நிலையத்தை மூடிவிட்டார்கள், எட்டு கிலோமீட்டர் தள்ளி லூக்கர்ஸில்தான் ரயில் ஏற வேண்டும். ஊருக்குள் வீடு கிடைக்காத மாணவர்கள் டே நதிப் பாலம் தாண்டி இருபது கிலோமீட்டர் தொலைவில் டண்டீயில் அறை எடுக்கிறார்கள். காபி ஆற்றிக் கொடுப்பவர்களும் ஓட்டல் படுக்கை விரிப்பவர்களும் வெளியூரிலிருந்து வருவது அதே பஸ்ஸில்தான்.

உறவினரல்லாத மூன்று பேர் சேர்ந்து குடியிருக்க வேண்டுமென்றாலே ஸ்காட்லாந்தில் வீட்டுக்கு உரிமம் வேண்டும். இந்த ஊரில் அத்தகைய உரிமங்கள் பெருகாமல் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். ஊர்க் குடும்பங்களுக்கு வீடு மிஞ்சட்டும் என்பது அதற்கான காரணம். மிஞ்சியதா? விலையுயர்ந்த ஸ்காட்லாந்துத் தெருக்களின் பட்டியல் வந்தால் இந்த ஊர்த் தெருவும் அதில் இருக்கிறது. கோல்ஃப் பருவத்தில் ஒரு வார வாடகைக்கே நல்ல விலை கிடைக்கும்போது, வருஷம் முழுக்கக் குடியிருப்பவரை யார் தேடுவார்கள்? இந்த வருஷப் பாடமே சூடுபிடிக்காத நிலையில், இலையுதிர் காலத்திலேயே அடுத்த வருஷ வீட்டுக்கான ஓட்டம் ஆரம்பித்துவிடுகிறது.

இதே ஊர், புல்லுக்காக எவ்வளவு சண்டை போட்டிருக்கிறது! 1552இல் பேராயர் ஜான் ஹாமில்டன் அந்த மைதானத்தில் முயல் வளர்க்க அனுமதி வாங்கிக்கொண்டார். கோல்ஃப் ஆடும் உரிமை ஊராருக்கே என்றும் அதே பத்திரத்தில் எழுதிக் கொடுத்தார். 1797இல் ஊர் நிர்வாகம் கடனில் மூழ்கி நிலத்தை விற்க, அது முயல் வியாபாரிகள் கைக்குப் போனது. மைதானமெங்கும் வளை. முயலைக் கொல்லலாமா கூடாதா என்று வருஷக்கணக்கில் வழக்கும் கைகலப்பும். 1821இல் உள்ளூர் நிலக்கிழார் ஒருவர் வாங்கிய பிறகுதான் முயல்களிடமிருந்து கோல்ஃப் தப்பியது. இன்றும் அது பொது மைதானம்தான். உள்ளூர்க்காரருக்குச் சலுகை விலையில் வருஷச் சீட்டும் உண்டு. ஆனால் சீட்டு வாங்க முதலில் உள்ளூரில் ஒரு முகவரி வேண்டும்.

கோல்ஃபும் கல்லூரியும் இல்லாவிட்டால் இங்கே வேலையே ஏது என்று கேட்பவர்களும் உண்டு. நியாயம்தான். 2027இல் ஓப்பன் கோல்ஃப் போட்டி மறுபடி இங்கே வருகிறது, வாடகை இறங்கக் காரணம் எதுவும் தெரியவில்லை.

நம்மூரிலிருந்து முதுநிலைப் படிப்புக்கு அங்கே விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் கட்டணத்தை மட்டும் விசாரிக்காமல், விடுதி உறுதியா, எத்தனை மாதத்துக்கு, டண்டீ என்றால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முன்பணம் கட்டும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.