ரோஸெட் நெபுலாவின் சிவப்பு நிஜமா?

தோட்டத்துக் கொட்டகையில் இருந்து நான் எடுத்த ரோஸெட் நெபுலா படத்தைப் பார்த்த மகள், “அப்பா, இந்தச் சிவப்பு நிஜமாவே அங்க இருக்கா, இல்ல நீங்க கம்ப்யூட்டர்ல அடிச்சதா?” என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். டெலஸ்கோப்பில் அவளே கண் வைத்துப் பார்த்தபோது சில நட்சத்திரங்களைத் தவிர ஒன்றும் தெரியவில்லையே!

திருவாதிரைக்குக் கொஞ்சம் கிழக்கே, சுமார் 5,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது ரோஸெட். வானத்தில் அதன் அகலம் முழு நிலவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அதன் நடுவில் உள்ள இளம் நட்சத்திரங்களின் புறஊதாக் கதிர்கள் ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்துவிடுகின்றன. எலக்ட்ரான் மறுபடி அணுவில் சேர்ந்து படிப்படியாகக் கீழே இறங்கும். மூன்றாம் படியிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது 656.3 நானோமீட்டர் ஒளி வரும். அதுதான் இந்தச் சிவப்பு. மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்யும் நம் கண் செல்களுக்கு இந்த நிறம் அநேகமாகத் தெரியாது.

கேமராவுக்கு மட்டும் தெரியுமா? முதல் இரண்டு இரவும் தூக்கம் கெட்டதுதான் மிச்சம். சாதாரண கேமராவில் சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் இந்தச் சிவப்பின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும் என்பது அப்புறம்தான் உறைத்தது. அதைக் கழற்றிவிட்டு, 656 நானோமீட்டரைச் சுற்றி 7 நானோமீட்டர் அகலத்தை மட்டும் விடும் ஃபில்டரைப் போட்டேன். தெருவிளக்கு வெளிச்சத்தில் பெரும்பங்கு அங்கேயே நின்றுவிட்டது.

தலா மூன்று நிமிடமாக 100 படம், மொத்தம் ஐந்து மணி நேரம். அத்தனையையும் அடுக்கிக் கூட்டினால் நெபுலாவின் ஒளி 100 மடங்காகும், இரைச்சல் 10 மடங்குதான் ஆகும். அதாவது ஒற்றைப் படத்தைவிட 10 மடங்கு தெளிவு.

சரி, மகளுக்கு என்ன பதில்? நெபுலாவின் சிவப்பு நிஜம். அதன் பிரகாசம் நான் ஏற்றியது. ஆனால் படத்தில் நட்சத்திரங்களும் சிவப்பாக இருக்கின்றனவே, அது பொய்! நடுவில் இருப்பவை உண்மையில் நீலவெள்ளை. ஃபில்டர் சிவப்பை மட்டும் விட்டதால் வந்த கோளாறு அது. நெபுலாவின் நடுப்பகுதியில் ஆக்சிஜன் தரும் நீலப்பச்சையும் இதே காரணத்தால் விடுபட்டிருக்கிறது.

இப்போதெல்லாம் ஒவ்வொரு படத்தின் கீழும் என்ன ஃபில்டர், எத்தனை நிமிடம், எதை ஏற்றினேன் என்று எழுதிவிடுகிறேன். மகள் சரிபார்க்கிறாள்.