‘2 சீட்தான் பாக்கி!’ - உங்கள் விரலை அவசரப்படுத்துவது யார்?

பொங்கல் விடுமுறை முடிகிற நேரம். அறந்தாங்கியிலிருந்து சென்னைக்கு பஸ் டிக்கெட் எடுக்க செல்போனைத் திறந்தால், ‘இன்னும் 2 சீட்தான் பாக்கி’ என்று சிவப்பு எழுத்து மின்னுகிறது. பக்கத்திலேயே ஒரு கடிகாரம் நொடிகளைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. படபடப்போடு பெயர், வயதைத் தட்டிப் பணம் கட்டிய பிறகுதான், கேட்காத இன்ஷூரன்ஸுக்கும் சேர்த்துப் பணம் போனது தெரிகிறது. ‘நாமதான் சரியா பார்க்கலை’ என்று நொந்துகொள்பவர்களே அதிகம். ஆனால், பெரும்பாலும் தவறு அவர்களுடையது அல்ல. அந்தத் திரை வடிவமைக்கப்பட்ட விதம் அப்படி!

செல்போன் திரையில் எந்த பட்டன் எங்கே, எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலைக்கு ‘யூஸர் எக்ஸ்பீரியன்ஸ் டிசைன்’ என்று பெயர். அதற்கு அடிப்படையே மனித மனம் பற்றிய அறிவியல்தான்.

இழப்பின் வலி

100 ரூபாய் கிடைத்தால் வரும் சந்தோஷத்தைவிட, 100 ரூபாய் தொலைந்தால் வரும் வருத்தம் பெரிது. டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதைத்தான் விளக்கியது. ‘சீட் போய்விடும்’ என்ற பயம் வந்ததும் விரல் முந்திக்கொள்வது இதனால்தான். சீட் உண்மையிலேயே குறைவு என்றால் அது தகவல். பொய்யாகச் சொன்னால் அது தந்திரம்.

ஏற்கெனவே ‘டிக்’ செய்து வைத்திருக்கும் கட்டமும் அப்படித்தான். இருப்பதை அப்படியே விட்டுவிடுவது மனதுக்குச் சுலபம். அந்தச் சோம்பல்தான் இன்ஷூரன்ஸ் விற்கிறது.

நல்லதுக்கும் இதே அறிவியல்

ஒரே நேரத்தில் ஏறத்தாழ 7 விஷயங்களைத்தான் மனதில் வைத்திருக்க முடியும் என்று 1956-ல் எழுதினார் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர். செல்போன் எண்ணை ஐந்து ஐந்தாகப் பிரித்துச் சொல்வது இந்தச் சிரமத்தைக் குறைக்கத்தான். டீக்கடையில் பணம் வந்ததும் சத்தமாக அறிவிக்கும் ஸ்பீக்கரும் நல்ல டிசைன். டீ ஆற்றுகிறவர் செல்போனைப் பார்க்க வேண்டியதில்லை. காதில் விழுந்தால் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மனதின் பலவீனத்தைப் பயன்படுத்தி ஏமாற்றும் திரைகளுக்கு ‘டார்க் பேட்டர்ன்’ என்று 2010-ல் பெயர் வைத்தார் பிரிட்டனைச் சேர்ந்த ஹேரி பிரிக்னல். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று இவற்றைத் தடுக்கும் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. பொய் அவசரம், கேட்காததைக் கூடையில் சேர்ப்பது, சந்தாவை ரத்து செய்யவிடாமல் அலைக்கழிப்பது, கடைசி நேரத்தில் விலையை ஏற்றுவது என 13 தந்திரங்கள் அந்தப் பட்டியலில் உள்ளன.

நீங்கள் செய்ய வேண்டியவை

* அவசரப்படுத்தும் திரையைப் பார்த்தால், கையை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள்.
* பணம் கட்டும் முன் மொத்தத் தொகையை வரிவரியாகப் படியுங்கள். கேட்காத ‘டிக்’ இருந்தால் எடுத்துவிடுங்கள்.
* ‘வேண்டாம்’ என்ற பட்டன் மங்கலாக, ஓரமாக இருக்கும். தேடிப் பாருங்கள்.
* ஏமாந்தது தெரிந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யுங்கள். ஆன்லைனில் பண மோசடி என்றால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

வீட்டில் அப்பா, அம்மா செல்போனில் தடுமாறினால், ‘இதுகூடத் தெரியலையா?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்கக் கூசினால், அடுத்த முறை ஏமாந்ததைச் சொல்லாமலே மறைத்துவிடுவார்கள்.