டப்பா ரெடி... தாளம் ரெடி!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டு அக்கடா என்று சாயப் போகிறீர்கள். சமையலறையில் 'டங்... டங்... டங்...'! உங்கள் வீட்டு வாண்டு, இட்லிக் குண்டானைக் கவிழ்த்துப் போட்டுக் கரண்டியால் வெளுத்து வாங்குகிறான். "டேய், தலை வலிக்குதுடா!" என்று பிடுங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

அது வெறும் குறும்பு இல்லை. கண்ணும் கையும் காதும் ஒன்றாகப் பழகும் நேரம் அது. பேசாமல் அவனோடு உட்கார்ந்து ஒரு வாத்தியமே செய்துவிடுங்களேன்! செலவு? பழைய டப்பாவும் அரை மணி நேரமும்தான். ஆனால் உள்ளே எதைப் போடுகிறோம், மேலே எதைக் கட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

கிலுகிலுப்பை

அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, கால் பாகம் மட்டும் அரிசி போடுங்கள். நிரப்பிவிட்டால் சத்தம் வராது. உருள இடம் வேண்டுமே! அரிசி என்றால் 'சலசல', கொண்டைக்கடலை என்றால் 'கடகட'. மூடியின் உள்ளே பசை தடவி இறுக்கி, மேலே டேப் சுற்றுங்கள். கையில் கொடுக்குமுன் நாலைந்து முறை கீழே போட்டுப் பாருங்கள். திறக்கக் கூடாது. மூன்று வயதுக்குள் என்றால் பக்கத்திலேயே இருங்கள். சின்ன மணி தொண்டையில் சிக்கினால் ஆபத்து.

அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை மட்டும் போட்டுவிடாதீர்கள்! அதற்குள் அப்ரின் என்ற கொடிய விஷம் இருக்கிறது. மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் வேண்டாம். தப்பித் தவறி வாயில் போட்டுவிட்டால், வாந்தி எடுக்க வைக்காமல், மிச்ச விதையையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கடலை காதில் போனாலும் டாக்டர்தான். தண்ணீர் ஊற்றினால் ஊறிப் பெருத்து, இன்னும் இறுகிவிடும்.

மேளம்

பால்பவுடர் டின்னின் விளிம்பு கையைக் கிழிக்கும். முதலில் அதைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். பிறகு அகலமான பார்சல் டேப்பை வாய் முழுவதும் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து ஒட்டினால் மேளம் ரெடி. இறுக்கினால் 'டிங்', தளர்த்தினால் 'தொம்'. பலூனை வெட்டி மாட்டினாலும் நன்றாகத்தான் கேட்கும். ஆனால் கிழிந்த துண்டு வாய்க்குள் போய் மூச்சுக்குழாயை அடைத்துவிடலாம். வேண்டவே வேண்டாம்!

ஜலதரங்கம்

ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு. ஒரே மாதிரி பீங்கான் கிண்ணங்கள் நான்கில் வெவ்வேறு அளவு தண்ணீர் ஊற்றி, மரக்கரண்டியால் விளிம்பில் மெதுவாகத் தட்டச் சொல்லுங்கள். தண்ணீர் கூடக் கூட சுருதி இறங்கும். இதை நீங்கள் சொல்லாதீர்கள். ஊற்றிப் பார்த்து அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

காது பத்திரம்!

கை எட்டும் தூரத்தில் இருப்பவரிடமே கத்திப் பேச வேண்டியிருந்தால், சத்தம் அதிகம் என்று அர்த்தம். குச்சி நுனியில் துணி சுற்றுங்கள். டின்னுக்குள் பழைய துண்டைத் திணியுங்கள். காதருகே வைத்து அடிக்க விடாதீர்கள். குச்சியை வாயில் வைத்துக்கொண்டு ஓடவும் கூடாது.

இனி கச்சேரிதான்! தாத்தா ஒரு தாளம் தட்ட, பேரன் அதையே திருப்பித் தட்டட்டும். பாட்டி கையைத் தூக்கினால் எல்லோரும் 'டக்'கென்று நிறுத்த வேண்டும். அடிக்கக் கற்பதைவிட நிறுத்தக் கற்பது கஷ்டம். பொறுமையும் தானாக வரும்.

உங்கள் இட்லிக் குண்டானும் தப்பிக்கும்!