சங்கிலி வாளின் ஆற்றல் இழப்பு

சங்கிலி வாளின் ஆற்றல் இழப்பு என்பது, மரம் அறுக்கும் பெட்ரோல் செயின்சாவின் எஞ்சின் சுமையின்றிச் சீராக ஓடி, மரத்தில் வைத்தவுடன் வேகம் குன்றும் பழுதாகும். இதன் காரணத்தை எளிதில் பார்க்கக்கூடிய பகுதிகளிலிருந்து தொடங்கி, படிப்படியாக உட்பகுதிகளில் தேடுவதே முறையாகும்.

இயங்கும் முறை

பெரும்பாலான பெட்ரோல் வாள்கள் இரு வீச்சு எஞ்சின் கொண்டவை. பிஸ்டன் மேலேறும்போது கிராங்க் உறைக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை இழுக்கப்படுகிறது; இறங்கும்போது அது சிலிண்டருக்குள் தள்ளப்படுகிறது. எஞ்சினுக்கான மசகெண்ணெய் பெட்ரோலிலேயே கலக்கப்படுகிறது. 50:1 விகிதத்தில் இது லிட்டருக்கு 20 மி.லி. ஆகும். எனவே எஞ்சினுக்குச் செல்லும் பெட்ரோல் குறைந்தால் மசகும் குறைகிறது.

முதற்கட்டச் சோதனைகள்

எஞ்சினை நிறுத்தி, தீப்பொறிச் செருகியின் கம்பியைக் கழற்றிய பின்னரே சங்கிலியைத் தொடவேண்டும்.

* சங்கிலி: கூரிய சங்கிலி மரச்சீவல்களை வெளித்தள்ளும்; மழுங்கியது தூளையே தள்ளும். இந்நிலையில் பழுது எஞ்சினில் இல்லாமலும் இருக்கலாம்.
* காற்று வடிகட்டி: அடைபட்டால் பெட்ரோல் மிகுந்து புகை வரும்.
* தொட்டி மூடி: மூடியைத் தளர்த்தியதும் வலு திரும்பினால், தொட்டியின் காற்றுத்துளை அடைபட்டுள்ளது.
* புகைபோக்கி: சைலன்சரின் கம்பிவலையில் படியும் கரி, புகை வெளியேறுவதைத் தடுக்கும்.

எரிபொருள் வழங்கல்

பழைய வாள்களில் ரப்பர் குழாய் வெடிப்பதும், கார்புரேட்டரின் மென்சவ்வு விறைத்துப்போவதும் இயல்பு. விறைத்த சவ்வு போதிய பெட்ரோலை உள்ளே விடாது. கார்புரேட்டரைத் தூய்மை செய்து, சவ்வையும் அடைப்பு வளையங்களையும் மாற்றுவது இதற்குத் தீர்வாகும்.

காற்றுக் கசிவு

கிராங்க் அச்சின் ஆயில் சீல் தேய்ந்தால் வெளிக்காற்று உட்புகுந்து கலவை மெலிகிறது. விசையை விட்ட பின்னும் வேகம் உடனே தணியாமை இதன் முக்கிய அறிகுறியாகும். கார்புரேட்டர் திருகைத் திருப்பிப் பெட்ரோலைக் கூட்டினால் வலு மீண்டதுபோல் தோன்றும். ஆனால் கசிவு தொடரும். கசிவு பெருகும்போது மசகு குறைந்து பிஸ்டன் கீறலுறும். எனவே எஞ்சினின் துளைகளை அடைத்து, அழுத்தச் சோதனையும் வெற்றிடச் சோதனையும் செய்த பின்னரே திருகைச் சரிசெய்யவேண்டும்.

சிலிண்டரும் பிஸ்டனும்

சைலன்சரைக் கழற்றி, புகை வெளியேறும் துளை வழியாகப் பிஸ்டனைப் பார்க்கலாம். செங்குத்துக் கீறல்கள் இருந்தால் மசகுக் குறைவோ மிகை வெப்பமோ ஏற்பட்டிருக்கும். வளையம் மட்டும் தேய்ந்திருந்தால் அதை மாற்றினால் போதும். சிலிண்டரின் உட்பூச்சு உரிந்திருந்தால் சிலிண்டரையும் மாற்ற நேரும். கீறலுக்குக் காரணமான கசிவை அடைக்காமல் புதிய பிஸ்டனைப் பொருத்தினால், அதுவும் அவ்வாறே பழுதாகும்.