உங்களுக்குத் தெரியுமா? தாங்க முடியாததற்குத் தமிழில் எத்தனை சொல்!

தாங்க முடியாமைக்கென்றே திருக்குறளில் ஓர் அதிகாரம் உண்டு: 116-ஆவதான ‘பிரிவாற்றாமை’. 1151 முதல் 1160 வரை 10 குறள்கள். கற்பியல் தொடங்குவதே இதில்தான். ‘ஆற்றாமை’ என்றால் தாங்க இயலாமை.

எதைத் தாங்க முடியவில்லை என்பதைப் பொறுத்துச் சொல்லும் மாறும்:

• பசி, வலி, குளிர்: ‘தாளாமல்’ துடிப்போம்.

• நாற்றம், அலங்கோலம், அபசுரம்: ‘சகிக்காது’. பேச்சில் ‘சகிக்கலை’.

• அநீதி, அவமானம்: ‘பொறுக்க முடியாது’. மனம் கொதிக்கும் இடம் இது.

• சாவு, பேரிழப்பு: ‘ஆற்றொணாத் துயரம்’. இரங்கல் செய்திகளில் இன்றும் வாழ்கிறது. ‘ஒணா’ என்றால் முடியாத. ‘சொல்லொணா’, ‘தாங்கொணா’ இரண்டும் இதன் உறவுகள்.

இத்தனை நுட்பத்தையும் ‘தாங்க முடியல’ என்ற ஒன்றிலேயே அடக்கிவிட வேண்டாம்.