கூலியில் ஒரு பங்கு



பட்டுக்குப் பேர்பெற்ற காஞ்சிபுரத்திலே, தறியில் அமர்ந்து உழைப்பவருடைய வருவாய் மாதச் சம்பளம் போன்றதன்று. பாவு பூட்டி, கரை சேர்த்து, சரிகை கோத்து நெய்த புடவையைச் சங்கத்திலோ முதலாளியிடத்திலோ ஒப்படைத்த பின்னரே கூலி கைக்கு வரும். மழைக்காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறிவிட்டால் அதுவும் தடைப்படும். இத்தகைய குடும்பத்தைப் பார்த்து, "பிறருக்குக் கொடுங்கள்" என்று சொல்வது தகுமா? மறையுரை கேட்கும் பலருடைய உள்ளத்தில் எழும் இக்கேள்விக்கு நேர்மையான விடை வேண்டும்.

விடையின் தொடக்கம் நெசவாளரிடமே இருக்கிறது. 1975ஆம் ஆண்டில் தமிழக அரசு, கூட்டுறவுச் சங்கங்களில் சேர்ந்த கைத்தறி நெசவாளர்களுக்காகச் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. கூலியில் ரூபாய்க்கு 8 காசு நெசவாளரின் பங்காகக் கணக்கில் சேரும். அரசும் தன் பங்கைச் சேர்க்கும். 100 ரூபாய்க்கு 8 ரூபாய். மாதக் கடைசியில் மிஞ்சியதைச் சேமிக்கலாம் என்று விட்டிருந்தால் எத்தனை வீடுகளில் மிஞ்சியிருக்கும்? செலவுக்கு முன்னரே ஒதுக்கியதால் சேர்ந்தது.

ஈகைக்கும் இதுவே வழி. எருசலேமில் வறுமையுற்றிருந்த சகோதரருக்கு உதவி திரட்டிய புனித பவுலடியார், கொரிந்து நகர மக்களுக்குக் கூறிய யோசனையும் இதுதான்: வாரத்தின் முதல் நாளில், அவரவர் தம் வருவாய்க்கேற்ப, வீட்டிலேயே ஒரு தொகையை எடுத்து வைக்கவேண்டும். தாம் வரும்போது அவசர வசூல் கூடாது என்பது அவர் விருப்பம். மனம் இளகும்போது மட்டும் கொடுப்பது உணர்ச்சி. ஒழுங்காக ஒதுக்கிக் கொடுப்பதே ஈகை.

எவ்வளவு ஒதுக்குவது? பழைய ஏற்பாடு பத்தில் ஒன்றைச் சொன்னது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, திருச்சபையின் தேவைகளுக்கும் ஏழைகளுக்கும் உதவும் கடமையை எல்லா விசுவாசிகளுக்கும் பொதுவாக விதிக்கிறது. எத்தனை விழுக்காடு என்று சொல்லவில்லை. ஆலயக் காணிக்கைப் பெட்டியருகே அமர்ந்திருந்த ஆண்டவர், ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசுகளைச் செல்வரின் காணிக்கைக்கு மேலாக எண்ணினார். அளவுகோல் தொகையன்று; கொடுத்தபின் நம்மிடம் எஞ்சியிருப்பதே.

ஆயினும் நீதி முந்தியது; ஈகை அதன் பின்னதே. கடன் கொடுத்தவருக்குத் திருப்பித் தரவேண்டிய பணம் நமதன்று. அதைக் காணிக்கையாக்க நமக்கு உரிமையில்லை. வட்டிக்கு வாங்கித் திருவிழாவில் பெருமைக்குச் செலவிடுவதும் ஈகையாகாது. பிறருக்கு நிம்மதி தேடி நீங்கள் நெருக்கடியில் விழவேண்டும் என்று பவுலடியாரும் கேட்கவில்லை. முதலாளிமாருக்கும் ஒரு சொல்: நெய்தவருடைய கூலியைக் குறைத்து, அந்தப் பணத்தில் ஆலயத்துக்குக் குத்துவிளக்கு வாங்கித் தந்தால், அவ்விளக்கு அவருக்கு எதிராகவே சாட்சி சொல்லும்.

"வசதி வரட்டும், பிறகு கொடுப்போம்" என்போரும் உண்டு. 1754இல் பிறந்து, துபாஷியாக இருந்து பெரும்பொருள் ஈட்டிய பச்சையப்ப முதலியாரை இங்கே நினைவுகூரலாம். 1794இல் தாம் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன், தம் செல்வத்தை அறப்பணிகளுக்கென எழுதிவைத்தார். அவருடைய எண்ணம் பெரியது. ஆனால் சொத்து வழக்கில் சிக்கியது. அவர் பெயரால் சென்னையில் பள்ளி திறக்கப்பட்டது 1842இல். 48 ஆண்டுகள் கழிந்திருந்தன! காஞ்சிபுரத்திலும் இன்று அவர் பெயரால் கல்லூரி நடக்கிறது. உயில் எழுதுவது நன்று. ஆனால் அடுத்த தெருவில் பசித்திருப்பவர் உயில் நிறைவேறும்வரை காத்திருக்க முடியாதே!

இல்லாதவரும் கொடுக்கலாம் என்பதற்குப் பிடியரிசி சான்று. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கும் இவ்வழக்கத்தைக் காஞ்சி சங்கர மடத்தின் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகளும் ஒரு திட்டமாகவே ஊக்குவித்தார். ஒரு பிடியால் எந்த வீட்டு உலையும் குறைந்துவிடாது. பல வீட்டுப் பிடிகள் சேர்ந்தால் ஒரு குடும்பத்தின் பசி தீரும்.

ஆகவே, கூலியோ சம்பளமோ கைக்கு வரும் அன்றே, குடும்பமாக அமர்ந்து பேசுங்கள். கடனுக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு, ஏழைக்கும் ஆலயத்துக்கும் இவ்வளவு என்று பிரித்து வையுங்கள். கடைசிப் பங்கு பத்து ரூபாயாயினும் இருக்கட்டும். அதைப் பிள்ளைகளின் கையால் எடுத்துவைக்கச் செய்யுங்கள். நாளை அவர்கள் கைகளில் கூலி வரும்போது, ஒருவரும் சொல்லாமலேயே அப்பங்கை ஒதுக்குவார்கள்.