வெந்நீர்ப் பற்றீரியாவும் இனிப்புப் பாகும்
சோள மாப்பொருளிலிருந்து குளுக்கோசுப் பாகு எடுப்பது பழைய தொழில். ஆயினும் குளுக்கோசின் இனிப்பு, சீனியின் இனிப்பில் முக்காற் பங்களவே. அதன் அணுக்களைச் சிறிது இடம்மாற்றி அடுக்கினால் அது பிரக்டோசு ஆகிவிடும். தேனிலும் பழங்களிலுமுள்ள அவ்வெல்லம் சீனியினும் இனிப்பானது.

காரத்தைக் கொண்டு இம்மாற்றத்தைச் செய்தால் பாகு கறுத்துக் கெடும். ஆகவே, உயிரணுக்கள் ஆக்கும் நொதியம் என்னும் புரதத்தை நாடினர். 1957 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் இருவர் ஒரு பற்றீரியாவில் ஏற்ற நொதியத்தைக் கண்டனர். அதுவோ ஆசனிக்கு உப்பு இருந்தாலன்றி வேலை செய்யாது! நஞ்சு சேர்ந்த இனிப்பை யார் உண்பர்? பின்னர் யப்பானிய விஞ்ஞானிகள், மண்ணில் வாழும் இசுத்திரெப்தோமைசிசு இனத்தில் அக்குறையற்ற நொதியத்தைக் கண்டனர். 1967 இல் அமெரிக்காவில் ஆலை உற்பத்தி தொடங்கியது.

இனித்தான் சிக்கல். இம்மாற்றம் இருவழிப் பாதை. பிரக்டோசும் குளுக்கோசாகத் திரும்பும். 60 பாகை சென்றிகிரேட்டில் இரண்டும் ஏறக்குறையச் சமமாய் நின்றுவிடும். அந்நிலை வரும்வரை காத்திருப்பது நட்டமாதலால், 42 வீதம் பிரக்டோசு சேர்ந்ததும் ஆலைகள் நிறுத்திக்கொள்கின்றன. மென்பானங்களுக்கு வேண்டியதோ 55 வீதம். எனவே பிரக்டோசைத் தனியே செறிவாக்கி மீண்டும் கலக்கின்றனர். செலவு மிகுந்த வேலை அது.

வெப்பம் ஏற ஏறச் சமநிலை பிரக்டோசின் பக்கம் சாயும். 90 பாகைக்கு மேல் 55 வீதம் நேராகவே கிட்டும். ஆனால் அச்சூட்டில் சாதாரண நொதியம், வெந்நீரிலிட்ட முட்டையின் வெண்கருபோல உருக்குலைந்துவிடும்.

இத்தாலியின் வுல்கானோ தீவருகே, எரிமலையாற் சூடேறிய கடலடி மண்ணில் வாழும் தேர்மோதோகா மரிற்றிமா என்னும் பற்றீரியா 1986 இல் விவரிக்கப்பட்டது. 80 பாகையே அது செழித்து வளரும் வெப்பநிலை. அதன் நொதியமும், அதன் உறவான தேர்மோதோகா நெயாப்பொலித்தானாவின் நொதியமும் 90 பாகையிலும் தளர்வதில்லை. கொதிநீரிற் பற்றீரியாவை வளர்ப்பது கடினமாதலால், நொதியத்துக்குரிய மரபணுவை எளிதில் வளரும் எசரிக்கியா கோலியிற் புகுத்தினர். இதில் ஒரு வசதியும் உண்டு: அதன் சாற்றைச் சூடாக்கினால் மற்றப் புரதங்களிற் பெரும்பாலானவை திரண்டு ஒதுங்கும், வேண்டிய நொதியம் தெளிந்த நீரில் எஞ்சும்.

நொதியம் சூட்டைத் தாங்கினாலும் வெல்லம் தாங்குவதில்லை. நடுநிலையிலோ சிறிது காரத்திலோதான் இந்நொதியங்கள் நன்கு உழைக்கும். அந்நிலையில் 90 பாகைச் சூட்டிற் பாகு பழுப்பேறும். சிறிது அமிலமான பாகிலும் தளராது உழைக்கும் நொதியம் வேண்டும். ஆராய்ச்சி அதை நோக்கியே செல்கிறது. ஆலைக் கலங்களோ இன்றும் 60 பாகையை ஒட்டியே இயங்குகின்றன.